1956-ஐ ஒரு சுவரில் எழுத வேண்டும்: எந்தச் சம்பவம், யாருடைய இறப்பு?

எல்லைக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது பாறசாலைப் பக்கம். களியக்காவிளையில் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான், ஆனால் இது கேரளம். எங்கள் ஊர் வாசகசாலையில் மலையாளப் புத்தகம் நான்கு அலமாரி, தமிழ்ப் புத்தகம் ஒரு அலமாரி. வருடந்தோறும் நவம்பர் 1-ல் கேரளப் பிறவி நாள் கொண்டாடுவோம். இந்தத் தடவை 1956 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருடம் உலகத்தில் என்ன நடந்தது, யார் யார் இறந்தார்கள் என்று உள்சுவர் முழுக்க சார்ட் ஒட்டலாம் என்று கமிட்டியில் முடிவானது. தமிழ் சார்ட்டுகள் என் பொறுப்பு.

பிள்ளைகள் இன்டர்நெட்டில் தேடிப் பட்டியல் கொண்டுவந்தார்கள். ஏப்ரலில் மொனாக்கோ இளவரசருக்கும் நடிகை கிரேஸ் கெல்லிக்கும் கல்யாணம், மே மாதம் யூரோவிஷன் பாட்டுப்போட்டி முதல்முறையாக நடந்தது, ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்தவர்கள் என்று பார்த்தால் ஓவியர் ஜாக்சன் பொல்லாக், நடிகர் பெலா லுகோசி, இப்படிப் போகிறது. எல்லாம் உண்மைதான், பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. நாங்கள் நிற்கிற இந்தத் தரை எந்த மாநிலம் என்று தீர்மானமான வருடத்தைப் பற்றிய பட்டியல் அது, அதில் எங்கள் தாலுகா பெயர்கூட இல்லை.

என் அம்மாவின் அம்மா இன்னும் இருக்கிறார். அம்மச்சிக்கு அப்போது பதினாறு வயது. அவருடைய அக்காவை விளவங்கோடு தாலுகாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், இங்கிருந்து நடந்தே போய் வருவார்களாம். 1956 நவம்பர் 1 காலையில் அக்கா வீடு சென்னை மாநிலம், இந்த வீடு கேரளம். அதுவரை இரண்டு வீடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி. அம்மச்சியிடம் கேட்டால் “அண்ணு ரெண்டு பக்கமும் பட்டாசு வெடிச்சுது, நான் மட்டும் அழுதேன்” என்கிறார்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, இறந்தவர்கள் வரிசையில் எல்லைப்பக்கத் தமிழர்கள் யாரை விடக்கூடாது என்று நினைக்கிறீர்கள்? இரண்டு, நவம்பர் 1-க்கு என்ன சொல் போடுவது? அந்தப்பக்கத்து உறவினர்கள் எல்லோரும் “இணைப்பு” என்கிறார்கள், இந்தப்பக்கம் “பிறவி” என்கிறார்கள். அம்மச்சியோ “பாகம் பிரிச்சது” என்கிறார், சொத்தைப் பிரிப்பதுபோல.

தோவாளைப்பூ:

தங்கச்சி, நல்ல காரியம் எடுத்திருக்கிறீர்கள். நான் நாகர்கோவில். எங்களுக்கு அது இணைப்புதான், அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அதற்காக அடிவாங்கி, செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் பெரும்பாலும் கூலிவேலை செய்த சாதாரண ஆட்கள். அது நீங்கள் எடுத்த வருடத்தில் வராது என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொல்லலாம். சார்ட்டின் இடது ஓரத்தில் தனியாக ஒரு சிறு கட்டம் போட்டாவது அதை எழுதுங்கள், ஏனென்றால் 1956 எங்களுக்கு அந்த ஆகஸ்டில்தான் ஆரம்பமாகிறது.

தேதிகள் சொல்கிறேன். பசல் அலி தலைமையில் குன்ஸ்ரு, பணிக்கர் இருந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் கடைசியில் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போகலாம் என்று அதில்தான் வந்தது. 1956 ஆகஸ்ட் 31-ல் சட்டமானது. செங்கோட்டைத் தாலுகாவிலும் முழுசும் வரவில்லை, ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் அந்தப் பழைய கொல்லம் ரயில் பாதையே மலையில் இரண்டு மாநிலமாகப் போயிற்று. எங்கள் இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணி 1956-ல் இறந்தவர் இல்லை, அவர் காலம் 1968 வரை. யாராவது தவறாகச் சேர்த்துவிடப் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

1956-ல் இறந்தவர்களில் நீங்கள் முதலில் எழுத வேண்டியது சங்கரலிங்கனார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பன்னிரண்டு கோரிக்கை வைத்து விருதுநகரில் ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அறுபது வயது தாண்டிய மனிதர். இரண்டரை மாதத்துக்கு மேல் போயிற்று, அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இன்னும் பத்தொன்பது நாள் இருந்திருந்தால் எங்கள் குமரி வந்துசேர்ந்ததைப் பார்த்திருப்பார். எங்கள் ஜில்லா வந்துசேர்ந்த மாநிலத்துக்கு அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-ல்தான் வந்தது.

அவர் இறந்த மறுநாள் அக்டோபர் 14, விஜயதசமி. அன்றைக்குத்தான் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இந்த இரண்டு தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பார்கள்.

தேயிலைமலை:

அண்ணாச்சி, உங்கள் “இணைப்பு” எனக்குப் புரிகிறது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நான் தேவிகுளம் தாலுகாவில் பிறந்தவன், என் தாத்தா காலத்திலிருந்து தேயிலைக் காட்டில் வேலை. அந்த இயக்கம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சேர்த்துத்தானே கேட்டது? எங்கள் ஆட்களும் கொடி பிடித்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். கமிஷன் அறிக்கையில் எங்கள் இரண்டு தாலுகாவும் இல்லை. பெரியாறு அணை இருக்கிற இடமும் பீர்மேடு தாலுகாதான், அந்தத் தண்ணீர் பாய்கிற வயல் தேனி, மதுரைப் பக்கம். அதனால் எங்கள் வீட்டில் நவம்பர் 1 என்றால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். எல்லைக்கல் அக்கா, உங்கள் அம்மச்சி சொன்ன “பாகம் பிரிச்சது” என்பதையே நீங்கள் போடலாம் என்பது என் கருத்து.

உலகச் செய்தியில் எங்கள் மலைக்காரர்களுக்குச் சம்பந்தமான மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது இலங்கை. ஏப்ரலில் பண்டாரநாயக்க பிரதமரானார், ஜூன் 5-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அன்றைக்கு கொழும்பு காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை ஒரு கூட்டம் அடித்தது, அப்புறம் கல்லோயாவில் கொலைகள். என் தாத்தா மூணாறுக்கு வந்தார், அவருடைய தம்பி அட்டன் பக்கம் போனார், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது ஒரே ஊர்க் கங்காணிகள்தான். தோட்டத் தமிழர்களுக்கு அங்கே 1948-லேயே குடியுரிமை போய்விட்டது, 1956-ல் மொழியும் போனது. இந்தப்பக்கம் மொழியை வைத்து மாநிலம் பிரித்துக்கொண்டிருந்த அதே வருடம் கடலுக்கு அந்தப்பக்கம் அது நடந்தது. இதைச் சார்ட்டில் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

இரண்டாவது சூயஸ். ஜூலை 26-ல் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார், அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது, பிறகு பிரிட்டனும் பிரான்சும் குண்டு போட்டன. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது, திரும்பத் திறந்தது 1957 ஏப்ரலில். நம் தேயிலை லண்டன் ஏலத்துக்குப் போன வழியே அதுதான் அக்கா. ஐந்து மாதம் கப்பல்கள் ஆப்பிரிக்காவை முழுக்கச் சுற்றிப் போயின. எங்கோ எகிப்தில் நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, மேட்டில் கொழுந்து கிள்ளிய எங்கள் பாட்டிமார் கைக்கும் அந்தக் கால்வாய்க்கும் நேர்க்கோடு இருந்தது.

மூன்றாவது யாரும் எழுதாதது. ஆகஸ்ட் 8-ல் பெல்ஜியத்தில் மார்சினெல் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள். போர் முடிந்த பிறகு இத்தாலி தன் ஆட்களை வேலைக்கு அனுப்பும், பெல்ஜியம் பதிலுக்கு நிலக்கரி கொடுக்கும் என்று 1946-ல் ஒப்பந்தம் போட்டு அனுப்பப்பட்ட கூலிகள் அவர்கள். முதல்முறை படித்தபோது அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி நிலச்சரிவில் எங்கள் ஆட்கள் லயத்தோடு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளோடு, மண்ணுக்குள் போனதைப் பார்த்தவனுக்கு வேற்றூரில் வேலைக்குப் போய்ச் செத்தவன் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. பொல்லாக்கை எடுத்துவிடச் சொல்லவில்லை, அவருக்குக் கீழே இந்த 262 பேருக்கும் ஒரு வரி கொடுங்கள்.

கொல்லங்கோட்டுக்காரி:

நீங்கள் இரண்டு பேரும் தெற்கையும் மலையையும் சொல்கிறீர்கள், எங்கள் பாலக்காட்டுக் கதை தலைகீழ். மலபார் ஜில்லா முழுக்க அதுவரை சென்னை மாநிலம். அதாவது கொல்லங்கோடும் பாலக்காடும் சென்னைக்குக் கீழே, பக்கத்துச் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி. என் அப்பா சித்தூருக்குச் சந்தைக்குப் போனால் மாநிலம் மாறிப் போய் வந்தவர். நவம்பர் 1-ல் எங்களுக்கு அந்தக் கோடு அழிந்தது, வாளையாறில் புதுக் கோடு விழுந்தது. கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா வெளிமாநிலத்து மாணவர் ஆகிவிட்டார். அதனால் நீங்கள் என்ன சொல் போட்டாலும் அதில் எங்களுக்கும் இடம் இருக்கட்டும்.

இறப்புகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவள், என்னுடைய ஆசையெல்லாம் டிசம்பர் 6-க்கு ஒரு முழு சார்ட் வேண்டும் என்பது. அம்பேத்கர் டெல்லியில் அலிப்பூர் ரோட்டு வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். நாக்பூர் தீட்சை முடிந்து ஐம்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உடலைப் பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள், 7-ம் தேதி தாதர் கடற்கரையில் எரியூட்டியபோது வந்த கூட்டத்தை இன்றைக்கும் புகைப்படத்தில் பார்க்கலாம். அரசியலமைப்பைச் செய்துகொடுத்த மனிதர், அதன் கீழ் மாநில எல்லைகள் மாறி ஐந்து வாரத்தில் இறந்தார். மொழிவழி மாநிலங்களைப் பற்றி 1955-லேயே தனியாகப் புத்தகம் எழுதியவர் அவர். ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை ஏற்றுக்கொண்டார், ஆனால் சிறுபான்மையாக மாட்டிக்கொள்கிறவர்கள் கதி என்ன என்றும் அதிலே கவலைப்பட்டார். நம்மைப் போல் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டவர்களைப் பற்றித்தானே அது?

அதே டிசம்பர் 6-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஹாக்கி இறுதிப்போட்டி. பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்தோம், அந்தத் தொடர் முழுக்க நம்முடைய வலைக்குள் ஒரு கோல்கூட விழவில்லை, நாம் அடித்தது 38. கேப்டன் பல்பீர் சிங் கைவிரல் முறிவோடு ஆடினார். அதே நாள் அதே ஊரில் நீச்சல்குளத்தில் ஹங்கேரியும் சோவியத்தும் வாட்டர் போலோ ஆடி, அடிதடியாகி, தண்ணீரில் ரத்தம் கலந்தது, ஹங்கேரி 4-0. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட் தெருவில் சோவியத் டாங்குகள் போயிருந்தன. ஒரே தேதிக்கு மூன்று செய்தி. மறுநாள் காலையில் நம் ஊர் டீக்கடையில் பேப்பர் வாசித்தவர் எதை முதலில் சத்தமாக வாசித்திருப்பார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன், மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு பேர், இரண்டு பேரும் பிப்ரவரி. விஞ்ஞானி மேகநாத் சாகா 16-ம் தேதி டெல்லியில் திட்டக்கமிஷன் அலுவலகத்துக்கு நடந்து போகும்போது மாரடைப்பில் போனார். நட்சத்திரத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் சமன்பாடு அவருடையது. நம் நாட்டுப் பஞ்சாங்கங்களைச் சீர்படுத்தும் கமிட்டிக்கும் தலைவர். மூன்று நாள் கழித்து ஆச்சார்ய நரேந்திர தேவ், சோஷலிஸ்ட் தலைவர், ஆஸ்துமாவுக்காக நம் பக்கம் ஓய்வெடுக்க வந்தவர், ஈரோட்டில் இறந்தார். பாலக்காட்டிலிருந்து ஈரோடு எவ்வளவு தூரம்? எங்கள் ஊரிலேயே பலருக்கு இது தெரியாது.

புத்தூர்ப்பாதை:

நான் ஆந்திரா பார்டர், நகரிக்குப் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. கேரளக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் நான் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் நவம்பர் 1 எங்களுக்கும் உண்டு. ஹைதராபாத்தின் தெலங்கானா ஆந்திராவோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆன நாள் அது. எங்கள் சித்தூர் ஜில்லா 1953-லேயே ஆந்திராவுக்குப் போய்விட்டது. திருத்தணி மட்டும் ம.பொ.சி. போராடி, படாஸ்கரின் எல்லைத் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1-ல் திரும்ப வந்தது. எங்கள் ஊர் வரவில்லை. திருத்தணி கோயில் மலை எங்கள் மாடியிலிருந்து தெரியும்.

சங்கரலிங்கனார் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொட்டி ஸ்ரீராமுலு ஞாபகம் வந்தது. அவர் 1952 டிசம்பர் 15-ல் சென்னையில் உண்ணாவிரதத்தில் இறந்தார், நான்கு நாளில், டிசம்பர் 19-ல், ஆந்திர மாநிலம் அமைப்போம் என்று நேரு அறிவித்தார். சங்கரலிங்கனார் கேட்ட பன்னிரண்டில் ஒன்று பெயர். அதற்கு பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நான் இருவருக்கும் தலைவணங்குகிறவன், ஒருவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே மாதிரிச் சாவுக்கு ஒரு இடத்தில் நான்கு நாளும் ஒரு இடத்தில் பன்னிரண்டு வருடமும் ஏன் ஆயிற்று என்பதை இரண்டு மொழியும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ரயில். 1956-ல் இறந்தவர்கள் என்று பட்டியல் போட்டு அரியலூரை விட்டால் அது தமிழ்ப் பட்டியலே ஆகாது. நவம்பர் 23, விடியாத நேரம், மழை. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது தெரியாமல் ஏறியது, பெட்டிகள் ஆற்றுக்குள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் தெற்கே போகிறவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அதற்கு முன்னால் செப்டம்பர் 2-ல் ஹைதராபாத் மாநிலத்து மகபூப்நகரில் இதேபோலப் பாலம் போய் ரயில் விழுந்து நூற்றுக்கும் மேல் சாவு. அப்போதே லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்யப் பார்த்தார், நேரு ஒத்துக்கொள்ளவில்லை. அரியலூருக்குப் பிறகு திரும்ப எழுதிக்கொடுத்தார், இந்தத் தடவை ஏற்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் சாஸ்திரியின் ராஜினாமா மட்டும் வருகிறது, ஆற்றோடு போனவர்கள் வருவதில்லை. சார்ட்டில் தயவுசெய்து முதலில் அவர்களை எழுதி, அப்புறம் சாஸ்திரியை எழுதுங்கள்.

மணல்கரை:

சின்னதாக ஒன்று. நான் மணவாளக்குறிச்சி. எங்கள் கடற்கரைக் கறுப்பு மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். அணுசக்திக்கு வேண்டிய பொருள் என்பதால் இந்தக் கரைக்கு டெல்லியில் தனி மதிப்பு உண்டு. 1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது, இந்தியாவில் முதலாவது. அதே வருடம் மார்ச் 17-ல் பாரிஸில் ஐரீன் ஜோலியோ-கியூரி ரத்தப் புற்றுநோயில் இறந்தார், 58 வயது. மேரி கியூரியின் மகள், செயற்கைக் கதிரியக்கத்துக்காகக் கணவரோடு 1935-ல் நோபல் வாங்கியவர். வாழ்நாள் முழுக்கக் கதிரியக்கத்தோடு வேலை செய்த உடம்பு. எங்கள் கரையில் இந்த நோயின் பெயரைக் கேட்டாலே பெண்கள் நெஞ்சில் கை வைப்பார்கள், அதனால் அந்த அம்மாவின் பெயர் சுவரில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

மணல் இருந்த கல்குளம் தாலுகா திருவிதாங்கூரிலிருந்து சென்னைக்குப் போனது அதே நவம்பரில்தான்.

தோவாளைப்பூ:

தேயிலைமலை தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நாங்கள் வருடா வருடம் நேசமணி சிலைக்கு மாலை போட்டு உள்ளூர் விடுமுறை கொண்டாடுகிறோம், தேவிகுளத்துக்காரர்களை அந்த மேடையில் யாரும் கூப்பிடுவதில்லை. அது சரியில்லை. சொல் விஷயத்தில் நான் முரண்டு பிடிக்கவில்லை. தங்கச்சி, மூன்று சொல்லையும் போடுங்கள், எந்தச் சொல் எந்த ஊர்க்காரர் சொல்வது என்று கீழே எழுதிவிடுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. எங்கள் தாத்தா காலத்து நிலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கிறது, தேதி கொல்லம் ஆண்டில். 1956 நவம்பர் என்றால் கொல்லம் 1132 ஐப்பசி, தமிழ் வருடம் துன்முகி. ஆங்கிலத் தேதிக்குக் கீழே அதையும் எழுதினால் உங்கள் அம்மச்சி வயதுக்காரர்கள் விரலை வைத்துக் காட்டிச் சொல்வார்கள். அந்தப் பிரமாணத்தின் ஜெராக்ஸ் வேண்டுமானாலும் தருகிறேன்.

எல்லைக்கல்:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அரியலூர் வந்தபோது நிறுத்தச் சொன்னார். அந்த விபத்து நடந்த அன்றைக்கு ஊரில் யாரும் அடுப்பு மூட்டவில்லை என்றார், எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்த ரயிலில் இல்லாதபோதும்.

சுவரை இப்படிப் பிரித்திருக்கிறோம். வருடம் முழுவதற்கும் ஒரே அளவு இடம் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை இடது பக்கம் இரண்டே சார்ட், அதில் சூடான் சுதந்திரம், மொராக்கோ, துனிசியா, சாகா, நரேந்திர தேவ், ஐரீன் கியூரி, காலிமுகத்திடல், நாசர், அப்சரா, மார்சினெல், மகபூப்நகர் எல்லாம் ஒரு வரி, இரண்டு வரியாக வரும். கிரேஸ் கெல்லி கல்யாணமும் இருக்கட்டும், என் மகள் அழகாகப் படம் வரைந்துவிட்டாள். வலது பக்கம் அரியலூரும் டிசம்பர் 6-ம். நடுச்சுவர் முழுக்க அக்டோபர் 13-லிருந்து நவம்பர் 7 வரைக்கும் உள்ள நாட்கள் மட்டும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள்.

இந்த நடுச்சுவருக்காகத் தேதிகளைச் சரிபார்த்தபோதுதான் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அக்டோபர் 23-ல் புடாபெஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். 29-ல் சினாய். 31 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் எகிப்தின் மேல் குண்டு போடுகின்றன, அந்த இரவு விடிந்தால் நமக்குப் புது மாநிலங்கள். நவம்பர் 1, வியாழக்கிழமை, அதே நாளில் ஹங்கேரியில் பிரதமர் இம்ரே நாஜ் சோவியத் தலைமையிலான வார்சா ராணுவ ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம், நாங்கள் நடுநிலை நாடு என்று அறிவிக்கிறார், நியூயார்க்கில் சூயஸுக்காக ஐ.நா. பொதுச்சபையின் முதல் அவசரச் சிறப்புக் கூட்டம் தொடங்குகிறது. 4-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை டாங்குகள் புடாபெஸ்டுக்குள் வந்துவிடுகின்றன. இம்ரே நாஜை 1958-ல் தூக்கிலிட்டார்கள். இவ்வளவு நடந்த வாரத்தில் விளவங்கோடு பற்றி உலகத்தில் யார் பார்த்திருப்பார்கள்? பட்டியலில் நம் பெயர் இல்லாததற்குக் கோபப்பட்டேன், இந்தத் தாள்களை வரிசையாக ஒட்டிப் பார்த்த பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

நவம்பர் 1 தாளில் தோவாளைப்பூ அண்ணாச்சி சொன்னபடியே இணைப்பு, பிறவி, பாகம் பிரிச்சது என்று மூன்று சொல், கீழே ஊர்ப்பெயர்கள். கொல்லங்கோடு அக்காவுக்கும் புத்தூர்ப்பாதை அண்ணனுக்கும் அதே தாளில் இடம் விட்டிருக்கிறேன், உங்கள் ஊரில் என்ன சொல் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். 1954 சம்பவத்துக்குத் தனிக்கட்டம் உண்டு. அம்மச்சி தன் அக்கா பெயரையும் இறந்தவர் வரிசையில் எழுதச் சொன்னார். பெரியம்மச்சி போனது 1991-ல், வருடம் பொருந்தாது என்றேன். “ஆனா அவ இந்தப்பக்கம் இல்லாமப் போனது அந்த வருசந்தானே” என்றார். எழுதிவிட்டேன்.

அண்ணாச்சி, அந்தப் பிரமாண ஜெராக்ஸ் கட்டாயம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சார்ட் ஒட்டுகிறோம்.

தோவாளைப்பூ:

நானே கொண்டுவருகிறேன், தபாலில் எல்லாம் வேண்டாம். திருவனந்தபுரம் பஸ்ஸில் வந்தால் பாறசாலை ஸ்டாண்டில் இறங்கி எந்தப்பக்கம் நடக்க வேண்டும்? கூட என் பேரனும் வருவான், பசை தடவ ஆள் வேண்டுமே.